குழாயும் மூச்சு விட வேண்டும்

தண்ணீர் விநியோகத் தடை முடிந்த மறுவாரம் இந்தப் பகுதிக்கு ஒரே மாதிரியான கேள்விகள் வருவது வழக்கம். இம்முறை ஈப்போ, புந்தோங்கிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "இரண்டு நாள் தடைக்குப் பிறகு குழாயைத் திறந்தால் முதலில் ஆள் இருமுவது போலச் சத்தம் வருகிறது. பிறகு காற்று சீறுகிறது. அப்புறம் தேநீர் நிறத்தில் தண்ணீர். மூடியிருந்த குழாய்க்குள் காற்று எப்படிப் போனது? மண் எப்படிப் போனது?"

நல்ல கேள்வி. இரண்டுக்கும் ஒரே பதில்தான். தண்ணீர் வெளியேறிய இடம் வெறுமையாக இருக்காது. அந்த இடத்தை நிரப்ப ஏதாவது ஒன்று உள்ளே வந்தே தீரும். நல்ல காற்று வர வழி வைத்திருந்தால் காற்று வரும். வைக்காவிட்டால் மண்ணும் சேறும் வரும். அதற்கும் வழியில்லை என்றால் குழாயோ தொட்டியோ நசுங்கும்.

இந்த மூன்றில் முதலாவது மட்டும் நடக்கும்படி பார்த்துக்கொள்வதற்கென்றே ஒரு சின்ன வால்வு இருக்கிறது. தண்ணீர்க் குழாயில் இருந்தால் ஏர் வால்வு என்பார்கள். ஆவிக்குழாயிலும் கொதிகலனிலும் இருந்தால் வேக்குவம் பிரேக்கர். எண்ணெய்த் தொட்டியின் கூரையில் இருந்தால் மூச்சு வால்வு. பெயர் எதுவானாலும் வேலை ஒன்றுதான். செம்பனை ஆலைப் பராமரிப்பில் பல ஆண்டுகள் இருந்தவன் என்பதால், அதிகம் கவனிக்கப்படாத சாமான் எது என்று யாராவது கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

இழுப்பது யார்?

'வெற்றிடம் இழுக்கிறது' என்று நாம் பேச்சுக்குச் சொல்கிறோம். வெற்றிடத்துக்குக் கையும் கிடையாது, காலும் கிடையாது. அது எதையும் இழுப்பதில்லை. வெளியே இருக்கும் காற்றுதான் தள்ளுகிறது.

நம்மைச் சுற்றியுள்ள காற்று ஒவ்வொரு சதுர மீட்டர் பரப்பையும் சுமார் 10 டன் எடைக்குச் சமமாக அழுத்திக்கொண்டிருக்கிறது. சாப்பாட்டு மேசை உடையாமல் நிற்பதற்குக் காரணம், மேலிருந்து அழுத்தும் அதே காற்று கீழிருந்தும் அழுத்துவதுதான். ஒரு பக்கக் காற்றை எடுத்துவிட்டால் மறுபக்கக் காற்றின் பலம் தெரியும்.

இத்தாலியின் தோரிசெல்லி 1643-இல் பாதரசக் குழாயை வைத்து இந்த அழுத்தத்தை அளந்து காட்டினார். அவர் கணக்கைத் தண்ணீருக்கு மாற்றினால், காற்று தாங்கிப் பிடிக்கக்கூடிய நீரின் உயரம் 10 மீட்டரைச் சற்றுத் தாண்டும். தெலுக் இந்தானில் 1885-இல் தண்ணீர்த் தொட்டியாகக் கட்டப்பட்ட சாய்ந்த கோபுரம் 25.5 மீட்டர் உயரம். அதன் அடியில் ஒரு குளத்தை வெட்டி, உச்சியிலிருந்து எவ்வளவு பெரிய பம்பை வைத்து உறிஞ்சினாலும் தண்ணீர் பாதி உயரத்தைக்கூட எட்டாது. அதற்கு மேல் தள்ளக் காற்றுக்குத் தெம்பில்லை.

ஜெர்மனியின் மக்டெபர்க் நகர மேயர் ஓட்டோ வான் குயெரிக், இரண்டு செம்பு அரைக்கோளங்களைச் சேர்த்து உள்ளே இருந்த காற்றை எடுத்துவிட்டு, 16 குதிரைகளைப் பூட்டிப் பிரிக்க முயன்ற கதையைப் பள்ளியில் படித்திருப்பீர்கள். அதற்கு முன்பு நடந்தது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. அவர் முதலில் செய்த செம்புக் கோளம் ஒன்றிலிருந்து காற்றை உறிஞ்சிக்கொண்டிருந்தபோது, அது பெரும் சத்தத்தோடு கசங்கிப் போனது. நம் கதைக்கு மூதாதை அந்தக் கசங்கிய கோளம்தான்.

ஒரு மழைக்குத் தாங்காத தொட்டி

சித்தியவான் பக்கம் போகும்போதும் பழைய தோட்டங்களுக்குள் இருக்கும் ஆலைகளைக் கடக்கும்போதும் பெரிய எண்ணெய்த் தொட்டிகளைப் பார்த்திருப்பீர்கள். மூன்று நான்கு மாடி உயரம், இரும்புத் தகடு. யானை முட்டினாலும் அசையாது என்று தோன்றும். உண்மையில் அவை உள்ளிருந்து வரும் பாரத்தைத் தாங்கத்தான் கட்டப்பட்டவை. வெளியிலிருந்து அழுத்தினால் மைலோ டின்னைவிட மோசம்.

எவ்வளவு மோசம்? இத்தகைய தொட்டிகளுக்கு உலகம் முழுவதும் பின்பற்றப்படும் ஏபிஐ 650 என்ற தரம், வழக்கமான தொட்டி தாங்க வேண்டிய வெற்றிடமாகக் குறிப்பது 2.5 சென்டிமீட்டர் நீர் உயரத்துக்குச் சமமான அழுத்தம் மட்டுமே. நீங்கள் சிராப் தண்ணீரை 15 சென்டிமீட்டர் ஸ்டிராவில் உறிஞ்சும்போது உங்கள் வாய்க்குள் உண்டாகும் வெற்றிடம் இதைப் போல ஆறு மடங்கு.

இப்போது நம் ஊர்ப் பிற்பகலை நினைத்துப் பாருங்கள். காலையிலிருந்து கொளுத்திய வெயில். மூன்று மணிக்குத் திடீரென்று அடைமழை. 10 மீட்டர் விட்டமுள்ள, 1,000 கன மீட்டர் கொள்ளளவு கொண்ட ஒரு காலித் தொட்டியின் உள்ளே சூடாகியிருந்த காற்று 10 பாகை குளிர்கிறது. குளிர்ந்த காற்று சுமார் 3 விழுக்காடு சுருங்கும். அதாவது 30 கன மீட்டர், ஒரு படுக்கையறைக்குள் இருக்கும் அளவு காற்று, வெளியிலிருந்து உள்ளே போயாக வேண்டும். வழி அடைபட்டிருந்தால் அந்தக் கூரையின் மீது மட்டும் 24 டன் எடை விழும். ஆறு யானைகளைக் கூரையில் ஏற்றி நிறுத்தியது மாதிரி. யாரும் பம்பைத் தொடவில்லை, வால்வைத் திருகவில்லை. மழை பெய்தது, அவ்வளவுதான்.

இதைத் தடுப்பது கூரையில் இருக்கும் மூச்சு வால்வு. அதற்குள் எடை வைத்த இரண்டு தட்டுகள் இருக்கும். உள்ளே அழுத்தம் கூடினால் ஒரு தட்டு எழும்பிக் காற்றை வெளியே விடும். உள்ளே அழுத்தம் குறைந்தால் மற்றொன்று எழும்பிக் காற்றை உள்ளே விடும். மின்சாரம் வேண்டாம், ஆள் வேண்டாம். ஆனால் குளவி கூடு கட்டினால் போச்சு. எண்ணெய்ப் பிசுக்கு உறைந்து தட்டு ஒட்டிக்கொண்டாலும் போச்சு. தொட்டிக்குச் சாயம் பூச வந்தவர்கள், சாயம் படக்கூடாது என்ற நல்லெண்ணத்தில் பிளாஸ்டிக் தாளைச் சுற்றிக் கட்டிவிட்டு, அவிழ்க்க மறந்து போவதும் உண்டு. அந்த மெல்லிய தாள் ஒரு முழுத் தொட்டியையும் சுருட்டிவிடும். உலகின் பல ஆலைகளில் இது நடந்திருக்கிறது.

எண்ணெய் லாரிக்கும் இதே விதிதான். எனக்குத் தெரிந்த ஓர் அண்ணன், செம்பனை எண்ணெய் லாரி ஓட்டியவர். ஒரு நாள் இறக்குமிடத்தில் நல்ல மழை. எண்ணெயில் தண்ணீர் கலந்தால் சரக்கைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று மேல்மூடியைத் திறக்காமலே பம்பைப் போடச் சொல்லியிருக்கிறார். லாரியில் தானாக மூச்சு விடும் வால்வு இருந்தது. ஆனால் அது எப்போதோ துருப்பிடித்து இறுகிப் போயிருந்தது. சில நிமிடங்களில் தொட்டியின் வயிறு உள்வாங்கிவிட்டது.

விசாரணையில் எழுதப்பட்டது ஒரே வரி: ஓட்டுநர் மூடியைத் திறக்கத் தவறினார். அவர் சம்பளத்தில் மாதாமாதம் பிடித்தார்கள். வால்வை யார் கடைசியாகச் சோதித்தது, எந்தத் தேதியில் சோதித்தது என்று யாரும் கேட்கவில்லை. மூடியைத் திறப்பது ஓட்டுநரின் வேலைதான், மறுக்கவில்லை. ஆனால் மனிதன் மறப்பான், மழைக்கு ஒதுங்குவான், பதற்றத்தில் தப்பாக முடிவெடுப்பான் என்று தெரிந்துதானே அந்த வால்வை வைத்தார்கள்? ஓட்டுநரை மட்டும் கேட்டுவிட்டு வால்வைக் கேட்காமல் விட்டால், அடுத்த லாரியும் ஒரு நாள் நசுங்கும். இத்தகைய வேலையில் நம் பிள்ளைகள் நிறைய பேர் இருக்கிறார்கள். விபத்து அறிக்கையில் கையெழுத்துப் போடும் முன், பராமரிப்புப் பதிவேட்டையும் காட்டும்படி கேளுங்கள்.

ஆவி குளிர்ந்தால்

காற்று சுருங்குவது மெதுவாக நடக்கும். ஆவி குளிர்ந்தால் கண்மூடித் திறக்கும் நேரத்தில் முடிந்துவிடும். ஒரு லிட்டர் தண்ணீர் கொதித்து ஆவியானால் ஏறக்குறைய 1,670 லிட்டர் இடத்தைப் பிடிக்கும். அதே ஆவி குளிர்ந்தால் மறுபடியும் ஒரு லிட்டர். மிச்ச இடம் வெற்றிடம்.

வீட்டிலேயே பார்க்கலாம். பெரியவர்கள் செய்ய, பிள்ளைகள் தள்ளி நின்று பார்க்கட்டும். காலியான அலுமினிய பானக் கேனில் ஒரு தேக்கரண்டி தண்ணீர் விட்டு அடுப்பில் காட்டுங்கள். வாயிலிருந்து ஆவி நன்றாக வந்ததும் இடுக்கியால் பிடித்து, குளிர்ந்த நீருள்ள பாத்திரத்தில் சட்டென்று தலைகீழாகக் கவிழுங்கள். 'டப்' என்று ஒரு சத்தம், கேன் சப்பையாகிவிடும். அந்த ஒரு தேக்கரண்டித் தண்ணீர் எட்டு லிட்டருக்கு மேல் ஆவியாகி, உள்ளே இருந்த காற்றை முழுவதும் வெளியே துரத்திவிட்டிருந்தது.

ரப்பர் ஆலையிலும் செம்பனை ஆலையிலும் கொதிகலன் பார்த்த பழைய ஆட்களுக்கு இந்தப் பாடம் கைப்பழக்கமாகவே இருந்தது. வேலை முடிந்து நெருப்பை அணைத்து, அழுத்தமானியின் முள் பூச்சியத்தை நெருங்கும்போது மேலே உள்ள காற்றுத் திருகைத் திறந்து வைப்பார்கள். ஏன் என்று கேட்டால் "இரும்பும் மூச்சு வாங்கும் தம்பி" என்பார்கள். அப்படித் திறக்காமல் விட்டால் உள்ளே வெற்றிடம் உண்டாகி, மூடிகளின் கேஸ்கெட்டுகள் உள்வாங்கும், இணைப்புகள் தளரும். இப்போது பல இடங்களில் அதைத் தானியங்கி வேக்குவம் பிரேக்கர் செய்கிறது. மெல்லிய ஸ்பிரிங் தாங்கும் ஒரு தட்டு, உள்ளே அழுத்தம் வெளிக்காற்றைவிடக் குறைந்தவுடன் திறந்து கொடுக்கும்.

மலையிலிருந்து இறங்கும் குழாய்

கோப்பேங், கம்பார் வட்டாரத்து ஈய லம்பங்களில் ஒரு காலத்தில் மலை நீரைப் பெரிய இரும்புக் குழாய்களில் இறக்கி, அந்த வேகத்தாலேயே மண்ணைக் கரைத்து ஈயம் எடுத்தார்கள். மலையிலிருந்து இறங்கும் குழாய்க்கு ஒரு குணம் உண்டு. மேலே வாயை அடைத்தாலும் உள்ளே இருக்கும் தண்ணீர் நிற்காது, தன் எடையில் கீழே ஓடிக்கொண்டே இருக்கும். பின்னால் வெற்றிடத்தை விட்டுவிட்டுத்தான் போகும்.

1950-இல் ஜப்பானின் ஓயிகாவா நீர்மின் நிலையத்தில் இதுதான் நடந்தது. கீழே ஒரு வால்வு திடீரென்று மூடிக்கொண்டதில் அழுத்தம் எகிறி, குழாய் வெடித்தது. வெடித்த வாய் வழியாகத் தண்ணீர் பாய்ந்து வெளியேற, வெடிப்புக்கு மேலே மலையில் கிடந்த எஃகுக் குழாயின் ஒரு நீண்ட பகுதி வெற்றிடத்தால் தட்டையாக நசுங்கியது. ஒரே விபத்தில் ஒரு பகுதி வெளிப்புறமாக வெடித்தது, இன்னொரு பகுதி உட்புறமாக நசுங்கியது.

ஆற்றைக் கடக்கும் பெரிய தண்ணீர்க் குழாய்களின் நடு உச்சியில் குட்டையாக ஒரு இரும்புக் குமிழ் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அதுதான் ஏர் வால்வு. உள்ளே ஒரு பந்து மிதக்கும். குழாய் நிறைந்திருந்தால் தண்ணீர் பந்தைத் தூக்கி மேல் துளையை அடைத்துக்கொள்ளும். தண்ணீர் இறங்கினால் பந்தும் இறங்கும், துளை திறக்கும், காற்று உள்ளே போகும். மறுபடி தண்ணீர் வரும்போது காற்று அதே துளை வழியாக வெளியேறும். மேட்டு நிலத்தின் ஒவ்வொரு உச்சியிலும் இப்படி ஒன்று வேண்டும். பித்தளைக்கு ஆசைப்பட்டு இதைக் கழற்றிப் பழைய இரும்புக் கடையில் போடுகிறவன், சில பத்து ரிங்கிட்டுக்காக ஒரு தாமானின் குடிதண்ணீரை விற்கிறான்.

கசியும் வழியே நுழையும் வழி

குடிதண்ணீர் என்றதும் வாசகியின் கேள்விக்கு வந்துவிட்டோம்.

மலேசியாவில் சுத்திகரித்து அனுப்பப்படும் நீரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மீட்டரை எட்டாமலே போகிறது. அதில் பெரும்பகுதி பழைய குழாய்களின் கசிவு. இதைப் பண நஷ்டமாகத்தான் பேசுகிறோம். அதைவிடப் பெரிய சங்கதி ஒன்று இருக்கிறது. குழாயில் அழுத்தம் இருக்கும்வரை அந்த விரிசல் வழியாகத் தண்ணீர் வெளியே போகும். அழுத்தம் போனால் அதே விரிசல் வழியாக வெளித்தண்ணீர் உள்ளே வரும். பக்கத்தில் சாக்கடை ஓடினால் அதுவும்தான். ஏர் வால்வு சரியாக இருந்தால் குழாய் மேலே காற்றைக் குடிக்கும். அது அடைத்துக்கொண்டிருந்தால் கீழே சேற்றைக் குடிக்கும்.

அதனால் தேநீர் நிறத்துக்கு இரண்டு காரணங்கள். குழாயின் உட்சுவரில் ஆண்டாண்டாய்ப் படிந்த துரு, தண்ணீர் திடீரென்று பாய்ந்து வரும்போது பெயர்ந்து வருவது ஒன்று. வெளியிலிருந்து நுழைந்த மண் மற்றொன்று. இருமல் சத்தம், உள்ளே போன காற்று வெளியேறும் சத்தம். உண்மையில் அது நல்ல செய்தி. குழாய் மூச்சு வாங்கியிருக்கிறது.

வெளித்தண்ணீர் உள்ளே போனால் என்ன ஆகும் என்பதை 1933-இல் சிகாகோ கண்டது. உலகக் கண்காட்சிக்கு வந்தவர்கள் தங்கிய இரண்டு ஹோட்டல்களில் கழிவுநீர் குடிநீரோடு கலந்தது. அமீபா சீதபேதியால் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் நோயுற்றனர். இறந்தவர்கள் 98 பேர். கட்டடக் குழாய்களில் நீர் பின்னோக்கி ஓடுவதைத் தடுக்க வேண்டும் என்ற கவலை உலகெங்கும் தீவிரமானது அதன் பிறகுதான்.

நம் தோட்டங்களிலும் இதற்கு வாய்ப்பு இருந்தது. நான் பிறந்தது சுங்கை சிப்புட் வட்டாரத்தில், பால்மரங்களை வெட்டிவிட்டுச் செம்பனை நடப்பட்ட ஒரு தோட்டம். என் பெரியம்மா மருந்தடிக்கும் வேலைக்குப் போனவர். காலையில் பெண்கள் லயத்துக் குழாயில் ரப்பர் ஹோஸை மாட்டி, களைக்கொல்லி ஊற்றிய டிரம்முக்குள் அதன் நுனியை முக்கித் தண்ணீர் பிடிப்பார்கள். நுரை கிளம்பாமல் இருக்க அப்படி முக்குவதுதான் வழக்கம். அதே குழாயில்தான் அடுத்த வீட்டில் குழந்தைக்குப் பால் கலக்கத் தண்ணீர் பிடிப்பார்கள். ஹோஸ் மருந்துக்குள் இருக்கும்போது கீழே எங்காவது குழாய் உடைந்து அழுத்தம் இறங்கினால், டிரம்மில் இருப்பது குழாய்க்குள் ஏறும். அந்த மருந்துகளில் ஒன்றான பாராகுவாட் ஒரு மிடறு உள்ளே போனாலே உயிரைப் பறிக்கக் கூடியது, மாற்று மருந்தும் கிடையாது. மலேசியாவில் அது முழுவதுமாகத் தடை செய்யப்பட்டது 2020 ஜனவரி 1-இல்தான்.

அந்தப் பெண்களுக்குக் கையுறையின் அவசியத்தைச் சொல்லவே ஆளில்லாத காலம் அது. ஹோஸின் நுனி தண்ணீருக்கு மேலே நிற்க வேண்டும் என்று யார் சொல்லியிருப்பார்கள்? இன்று அதே தோட்டங்களில் வங்காளதேச, இந்தோனேசியத் தொழிலாளர்கள் அதே வேலையைச் செய்கிறார்கள். தோட்ட நிர்வாகத்தில் இருக்கும் நம் இளைஞர்கள் ஒரு நடை போய், தண்ணீர் பிடிக்கும் இடத்தைப் பார்த்துவிட்டு வரலாம்.

வீட்டில் என்ன செய்யலாம்?

ஹோஸின் நுனியை வாளியிலோ மீன் தொட்டியிலோ மருந்து டிரம்மிலோ முக்கி வைக்காதீர்கள். தண்ணீர் மட்டத்துக்கு மேல் இரண்டு விரற்கடை இடைவெளி இருந்தால் போதும், எதுவும் பின்னோக்கி ஏறாது. இதைவிட மலிவான பாதுகாப்பு உலகில் இல்லை. வெளிக்குழாயில் திருகி மாட்டக்கூடிய சிறிய வேக்குவம் பிரேக்கரும் இருக்கிறது, குழாய்ச் சாமான் கடையில் கேட்டுப் பாருங்கள்.

கூரைத் தொட்டியின் மூடியைக் கொசுவுக்குப் பயந்து பசை போட்டு ஒட்டாதீர்கள். காற்றுத் துளைக்கு மெல்லிய வலை கட்டுங்கள், அடைக்காதீர்கள். ஆண்டுக்கு ஒரு முறை ஏறிப் பாருங்கள்.

பொதுக் குழாயிலிருந்து நேரடியாகப் பம்பு வைத்து இழுக்காதீர்கள். விதிப்படி அது தவறு. உங்கள் பம்பு இழுக்கும்போது அக்கம்பக்கத்துக் குழாயில் அழுத்தம் இறங்கி, விரிசல்கள் சேற்றைக் குடிக்கும். அந்தத் தண்ணீர் முதலில் வருவது உங்கள் வீட்டுக்குத்தான்.

அடுக்குமாடியில் தொட்டி வைத்த சுடுநீர்க் கருவி இருந்தால், தண்ணீர்த் தடையின்போது மின்சாரத்தை அணைத்துவிடுங்கள். அதன் பாதுகாப்பு வால்வையும் தடுப்பு வால்வையும் ஒரு முறை குழாய் வேலைக்காரரிடம் காட்டிச் சோதித்துக்கொள்ளுங்கள்.

தடை முடிந்து தண்ணீர் வரும்போது வடிகட்டியை மூடிவிட்டு, மீட்டருக்குப் பக்கத்தில் உள்ள குழாயை மெதுவாகத் திறந்து, இருமல் நின்று தெளியும்வரை ஓட விடுங்கள். அந்தத் தண்ணீரைச் செடிக்கு ஊற்றலாம். சில நிமிடங்களில் தெளியாவிட்டால், அல்லது வாடை அடித்தால், குடிக்காமல் நீர் வாரியத்துக்குச் சொல்லுங்கள். தெருவில் ஏர் வால்வு இருக்கும் குழி மழைநீரில் மூழ்கிக் கிடந்தாலும் சொல்லுங்கள். அந்தக் குழியில் தேங்கியிருப்பதைத்தான் குழாய் அடுத்த முறை மூச்சாக இழுக்கும்.

புந்தோங் வாசகிக்கு என் பதில் இதுதான். குழாய் இருமினால் பயப்பட வேண்டாம். இருமாமல் நேரே சேற்று நீர் வந்தால்தான் தொலைபேசியை எடுக்க வேண்டும். உங்கள் தாமானில் ஏர் வால்வு எங்கே இருக்கிறது என்று இந்த வாரம் பிள்ளைகளோடு நடந்து போய்த் தேடிப் பாருங்கள். கண்டுபிடித்தவர்கள் எழுதுங்கள். அடுத்த வாரம் சந்திப்போம்.